கல்வித் தத்துவ லெக்சருக்குக் கூப்பிட்டா போறதா வேணாமா? 1899 சிகாகோவ வச்சு ஒரு நீளமான பதில்

கேள்வி இதுதான். நீங்க ஸ்கூல் டீச்சர், உங்க ஊர் யுனிவர்சிட்டில கல்வித் தத்துவம் பத்தி தொடர் சொற்பொழிவு வைக்கிறாங்க, லீவு நாளை விட்டுட்டு அங்க போய் உக்காந்தா கிளாஸ்ல ஏதாச்சும் உதவுமா, இல்ல பி.எட் பரீட்சைக்கு ஐடியலிசம் நேச்சுரலிசம் பிராக்மாட்டிசம்னு உருப்போட்டு மறுநாளே மறந்த மாதிரி ஆயிடுமா, இப்படிப் பேசிப் பேசி உலகத்துல எங்கயாச்சும் ஒரு ஸ்கூலாவது மாறியிருக்கான்னு கேட்டிருக்கீங்க.

மாறியிருக்கு, ஆனா ரொம்ப சில பேச்சுகளாலதான். அந்த சிலதுல நான் பாக்கற பொதுவான விஷயம் பேசினவர் எவ்வளவு பெரிய ஆளுங்கறது இல்ல. எதிர்ல உக்காந்திருந்தது யாரு, அந்தப் பேச்சுக்குப் பின்னாடி ஒரு நிஜ வகுப்பறை இருந்துச்சா, இந்த ரெண்டுதான். ஒரு கேஸ மட்டும் எடுத்துக்கிட்டு விவரமா சொல்றேன், மத்தத போற போக்குல பாத்துக்கலாம்.

1899 ஏப்ரல், சிகாகோ யுனிவர்சிட்டி. அது பாடம் நடத்த ஆரம்பிச்சதே 1892லதான், அதனால அப்ப ஏழு வருஷ யுனிவர்சிட்டி. அங்க ஜான் டூயி, வயசு 39, ஃபிலாசஃபி டிபார்ட்மென்ட் ஹெட், 1894ல மிச்சிகன்லேந்து அங்க வந்தவரு, அந்த டிபார்ட்மென்ட்லயே சைக்காலஜியும் பெடகாஜியும் (பாடம் சொல்லிக் குடுக்கற முறை பத்தின படிப்பு) அடக்கம். அவரு தொடர்ச்சியா மூணு லெக்சர் குடுக்கறாரு. கேக்க வந்தவங்க ஃபிலாசஃபி மாணவர்கள் இல்ல, யுனிவர்சிட்டியோட சேந்து அவரே நடத்தின ஒரு ஆரம்பப் பள்ளில படிச்ச பசங்களோட அப்பா அம்மாவும், அந்தப் பள்ளி மேல அக்கறை இருந்தவங்களும். இத கவனிக்கணும். தத்துவ புரொபசர் ஒருத்தர் தன்னோட கல்விக் கொள்கைய, அந்தக் கொள்கைப்படி வளந்துட்டு இருக்கற குழந்தைங்களோட பெத்தவங்க முன்னாடி நின்னு சொல்லணும், அவங்க சாயங்காலம் வீட்டுக்குப் போனா இன்னிக்கு ஸ்கூல்ல என்ன பண்ணேன்னு கேட்டு சரிபாத்துடுவாங்க, சும்மா அடிச்சு விட முடியாது. 

அந்த ஸ்கூல் 1896 ஜனவரில 16 பசங்களோட, ரெண்டு டீச்சரோட ஆரம்பிச்சது. யுனிவர்சிட்டி பிரசிடென்ட் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் ஆதரவு குடுத்தாரு, ஆனா பணம்னு பாத்தா பெருசா இல்ல, பெத்தவங்களும் நண்பர்களும் குடுத்ததுலதான் வண்டி ஓடுச்சு. கட்டடம் கட்டடமா மாறிட்டு இருந்தாங்க. சமையலறை, தச்சுப் பட்டறை, தையல் நூற்பு, இதுங்கள சுத்திதான் பாடமே. இப்ப ஒரு பெத்தவரா யோசிங்க, ஃபீஸ் கட்டி புள்ளைய அனுப்பினா அது முட்டை வேகவச்சேன், பெட்டி செஞ்சேன்னு வந்து நிக்குது. விளக்கம் கேக்க மாட்டீங்களா? அந்த மூணு லெக்சரும் ஒரு வகைல அந்த விளக்கம்தான்.

சிகாகோல மத்த ஸ்கூல்லாம் எப்படி இருந்துச்சுன்னும் தெரிஞ்சா நல்லது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஜோசப் மேயர் ரைஸ்னு ஒரு டாக்டர், அமெரிக்க ஊர் ஊரா போய் வகுப்புகள்ல உக்காந்து பாத்து 1892-93ல பத்திரிகைல தொடரா எழுதி நாறடிச்சாரு. சிகாகோல ஒரு டீச்சர் பசங்களப் பாத்து "யோசிச்சுட்டு நிக்காத, தெரிஞ்சத சொல்லு"ன்னு விரட்டினத அதுல எழுதியிருக்காரு. நம்ம ஊர் ரிவிஷன் டெஸ்ட் நேரத்து கிளாஸ் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.

ரெண்டாவது லெக்சரோட ஆரம்பத்துல டூயி ஒரு கதை சொல்றாரு, எனக்கு அந்த மூணுலயும் ரொம்பப் பிடிச்சது அதுதான். பசங்களுக்கு ஏத்த மாதிரி மேசை நாற்காலி வாங்கலாம்னு சிகாகோல ஸ்கூல் சாமான் விக்கற கடைகளா ஏறி எறங்குறாரு. பாக்க நல்லா இருக்கணும், உடம்புக்கும் ஒத்து வரணும், வேலை செய்யவும் ஆகணும்னு தேடறாரு, எங்கயும் கிடைக்கல. கடைசில ஒரு கடைக்காரர், மத்தவங்கள விட கொஞ்சம் புத்திசாலின்னு டூயியே சொல்றாரு, அவர் சொல்றாரு நீங்க கேக்கறது எங்ககிட்ட இல்லைங்க, நீங்க பசங்க வேலை செய்யற மேசை கேக்கறீங்க, இங்க இருக்கறதெல்லாம் பசங்க கேட்டுட்டு உக்காரறதுக்கு செஞ்சதுன்னு. அவ்வளவுதான். பழைய கல்வியோட மொத்தக் கதையும் இந்த ஒரு பதில்ல இருக்குன்னு டூயி அங்கேந்து தொடங்குறாரு, வரிசையா நெருக்கமா போட்ட பெஞ்சு, நகர இடமில்ல, ஒரு புத்தகம் வைக்க மட்டும் இடம், இந்த அறையப் பாத்தாலே இங்க என்ன நடக்க முடியும் என்ன நடக்கவே முடியாதுன்னு சொல்லிடலாம்கறாரு. அப்பறம்தான் பி.எட் கைடுல ஒரு வரியா வர்ற அந்தப் பிரபலமான சமாச்சாரம் வருது, கல்வியோட மையம் குழந்தைக்கு வெளில இருந்துச்சு, டீச்சர்கிட்ட, புத்தகத்துகிட்ட, எங்க வேணா இருந்துச்சு குழந்தைகிட்ட மட்டும் இல்ல, இப்ப கோபர்னிகஸ் பூமிலேந்து சூரியனுக்கு மையத்த மாத்தின மாதிரி இங்கயும் மாறுது, குழந்தைதான் சூரியன். கைடுல சூரியன் இருக்கும், மேசைக் கடை இருக்காது. அதனாலதான் அது மண்டைல ஏற மாட்டேங்குது.

இங்க ஒரு முரண் இருக்குன்னு உங்களுக்கே தோணும். கேட்டுட்டு உக்காரற கல்வி தப்புன்னு சொல்ற ஆளு அத சொல்றது லெக்சர் குடுத்து, எதிர்ல பெரியவங்க வரிசையா உக்காந்து கேட்டுட்டு இருக்காங்க. இத வச்சு டூயிய கிண்டல் பண்றது சுலபம். எனக்கு இது பெரிய குத்தமா படல, ஏன்னா அந்தப் பேச்சு தனியா நிக்கல, பக்கத்துலயே ஸ்கூல் ஓடிட்டு இருந்துச்சு, சந்தேகம் இருந்தா நேரா போய் பாத்துக்கலாம். இந்தக் கதைல முக்கியமான இடம் இதுதான்னு நினைக்கறேன்.

அந்த ஸ்கூல்ல நடந்தத அவர் எப்படி சொல்றாருன்னு பாருங்க. முதல் லெக்சர்ல பருத்திக் கதை. பசங்க கைல பருத்திக் காயும் ஆட்டு ரோமமும் குடுக்கறாங்க. நம்ம முன்னோர் ஏன் கம்பளித் துணிய அவ்வளவு காலம் போட்டாங்க, பருத்தித் துணி ஏன் லேட்டா வந்துச்சு? புத்தகத்துல விடை தேடல. ஒரு குரூப் பசங்க அரை மணி நேரம் உக்காந்து பஞ்சுலேந்து கொட்டைய கையால பிரிச்சாங்க, ஒரு அவுன்ஸ் கூட தேறல, அதாவது 28 கிராமுக்கும் கம்மி. அப்ப ஒரு ஆள் நாள் பூரா கையால பிரிச்சா ஒரு பவுண்டுதான், அதாவது அரைக் கிலோவுக்கும் கம்மியாதான் வரும்னு அவங்களே புரிஞ்சுக்கறாங்க. கொட்டை பிரிக்கற மெஷின் வர்றதுக்கு முன்னாடி பருத்தி ஏன் பெருசா எடுபடலங்கறத இனிமே அந்தப் புள்ளைக்கு யாரும் சொல்ல வேணாம், விரல் வலிக்குதே. அப்பறம் ரோமத்த சிக்கெடுக்க பலகைல கூரான ஆணி அடிச்சு அவங்களே ஒரு சீப்பு மாதிரி செய்யறாங்க, ஓட்டை போட்ட கல்லையோ வேற கனமான ஒண்ணையோ சுழல விட்டு நூல் திரிக்கறாங்க, கிட்டத்தட்ட நம்ம தக்ளிதான், அங்கேந்து ராட்டை, தறி, மெஷின்னு போயி, வழில ஊர்களோட வரலாறு, நாருல இருக்கற அறிவியல், எந்தப் பயிர் எங்க விளையுதுங்கற பூகோளம் எல்லாம் வந்துடுது. ஒரு நூல புடிச்சா மனுஷ வரலாறே வரும்கற மாதிரிதான் அவர் பேசறாரு.

தக்ளின்னதும் சிலருக்கு காந்தி ஞாபகம் வரும், 1937 வார்தா மாநாடு, ஆதாரக் கல்வி, கைத்தொழில் வழியா எல்லாப் பாடமும். ரெண்டும் ஒண்ணுன்னு ஈசியா சொல்லிட்டுப் போவாங்க, ஆனா ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. காந்திக்கு பசங்க நூத்தத வித்து ஸ்கூல் செலவுல கணிசமானத ஈடுகட்டணும்ங்கறது முக்கியமான ஆசை. டூயி நேர் எதிர். ஸ்கூல்ல செய்யற வேலைக்குப் பொருளாதார அழுத்தமே இருக்கக்கூடாது, செஞ்ச சாமானோட விலை முக்கியமில்ல, அதுல வர்ற புரிதல்தான் முக்கியம்னு அதே லெக்சர்லயே தெளிவா சொல்லிடறாரு. வசதியான பேட்டைல இருந்த ஸ்கூலுக்கு அப்படி சொல்ல முடியும், கிராமத்துல காசில்லாத ஸ்கூலுக்கு முடியுமான்னு கேட்டா அது தனிச் சண்டை.

அப்பறம் முட்டை. சமையல் வகுப்புல பசங்க முட்டை வேகவைக்கணும். தண்ணி சூடாக சூடாக, லேசா ஆவி வர்றப்ப, குமிழ் விடறப்ப, தளதளன்னு கொதிக்கறப்ப, ஒவ்வொரு கட்டத்துலயும் வெள்ளைக்கரு என்ன ஆகுதுன்னு சோதிச்சுப் பாக்கறாங்க. இதுக்கு முன்னாடி ஒரு கட்டத்துல பசங்கள்ல ஒருத்தர் பொறுமையிழந்து எதுக்கு இவ்வளவு மெனக்கெடணும், ரெசிப்பி இருக்குல்ல அப்படியே செஞ்சா போதுமேன்னு கேட்டதயும் டூயி மறைக்காம சொல்றாரு. எனக்கு அந்த நேர்மை பிடிச்சது. குழந்தைங்க எப்பவும் ஆர்வத்தோட கண்ண விரிச்சுட்டு இருக்கும்னு கதை விடல. குறுக்கு வழி கேக்கறது இயல்பு, அத மீறி ஏன்னு கேக்க வைக்கறது டீச்சரோட வேலை, அதுக்கு டீச்சருக்கு அந்த விஷயம் நல்லாத் தெரிஞ்சிருக்கணும். குழந்தை மையக் கல்வின்னா டீச்சர் ஓரமா நின்னு வேடிக்கை பாக்கறதுன்னு நினைக்கறவங்க இந்த இடத்த படிக்கவே இல்லன்னு அர்த்தம்.

மூணாவது லெக்சர் தலைப்பே கல்வில ஆகற வீண். பணம் வீணாகறது பத்தி இல்ல, குழந்தையோட வாழ்க்கை வீணாகறது பத்தி. குழந்தை வெளில கத்துக்கிட்டத ஸ்கூலுக்குள்ள பயன்படுத்த முடியல, ஸ்கூல்ல கத்துக்கிட்டத வெளில பயன்படுத்த முடியல, இதவிடப் பெரிய வீண் இல்லங்கறாரு. உதாரணத்துக்கு இல்லினாய்ல மோலின்னு ஒரு ஊரு, மிசிசிப்பி ஆத்தங்கரைல இருக்கு. அந்த ஊர் ஸ்கூல் சூப்பரின்டென்டென்ட் டூயிகிட்ட சொன்னாராம், எங்க ஊர்ல வருஷா வருஷம் நிறைய பசங்க பாடப் புத்தகத்துல இருக்கற மிசிசிப்பிக்கும் அவங்க வீட்டப் பக்கத்துல ஓடற தண்ணிக்கும் சம்பந்தம் இருக்குன்னு தெரிஞ்சதும் ஆச்சரியப்படறாங்கன்னு. காவிரிக் கரைல காவிரி எங்க உற்பத்தியாகுதுன்னு எழுதி அஞ்சு மார்க் வாங்கின பசங்ககிட்ட இத கேட்டுப் பாருங்க, நீங்களே டூயிய எழுதி முடிச்சுடுவீங்க.

அதே மூணாவது பேச்சுல இன்னொரு விஷயம் பெருசா யாரும் சொல்றதில்ல, ஆனா நல்ல விஷயம். கிண்டர்கார்டன், ஆரம்பப்பள்ளி, டெக்னிக்கல் ஸ்கூல், டீச்சர் டிரெயினிங், யுனிவர்சிட்டி, இதெல்லாம் ஒரே ஏணியோட படிகள்னு நாம நினைக்கறோம், ஆனா ஒவ்வொண்ணும் வேற வேற காலத்துல வேற வேற தேவைக்காகப் பொறந்தது, யுனிவர்சிட்டி இடைக்காலத்துது, எழுதப் படிக்கக் கத்துக்குடுக்கற பள்ளி பதினாறாம் நூற்றாண்டு வாக்குல அச்சும் வியாபாரமும் பெருகினப்ப வந்தது, டெக்னிக்கல் ஸ்கூல் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஃபேக்டரிக்காக வந்தது. அத்தனையும் பிற்பாடு ஒட்டுப் போட்டு சேத்தது, அதனாலதான் ஒண்ணாங்கிளாஸ்லேந்து காலேஜ் வரைக்கும் ஒரு இடத்துலேந்து அடுத்த இடத்துக்குப் போறப்பல்லாம் புள்ள திணறுது. பதினொண்ணாம் வகுப்புல திடீர்னு திணறுற பசங்கள பாக்கறப்ப எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

இந்த மூணு லெக்சரும் சுருக்கெழுத்துல எடுத்து அந்த வருஷம் நவம்பர்லயே யுனிவர்சிட்டி பிரஸ் புத்தகமா போட்டுச்சு, பேரு ஸ்கூல் அண்ட் சொசைட்டி. அச்சுக்கு சரிபண்றப்ப டூயி ஊர்ல இல்ல, நண்பர் ஜார்ஜ் ஹெர்பர்ட் மீடும் அவர் மனைவியும்தான் பாத்துக்கிட்டாங்க. புத்தகத்த அனிதா மெக்கார்மிக் பிளெய்னுக்கு சமர்ப்பிச்சிருக்காரு, அறுவடை மெஷின் மெக்கார்மிக் குடும்பத்துப் பொண்ணு, சிகாகோ கல்வி சீர்திருத்தத்துக்கு நிறைய பணம் குடுத்தவங்க. தத்துவத்துக்குப் பின்னாடியும் யாரோ ஒருத்தரோட செக் புக் இருக்கு.

இனி குறை. 1902 வாக்குல அந்த ஸ்கூல்ல 140 பசங்க, 23 டீச்சர், அதுக்கு மேல உதவிக்கு யுனிவர்சிட்டில படிக்கற மாணவர்கள் 10 பேர். கணக்குப் போட்டா ஒரு டீச்சருக்கு ஆறு புள்ளைங்க. உங்க கிளாஸ்ல 45 பேர் இருந்தா இதப் படிச்சுட்டு வயிறு எரியறது நியாயம்தான். வந்த பசங்களும் பெரும்பாலும் புரொபசர், டாக்டர், வக்கீல் மாதிரி வீட்டுப் பசங்க. ஒரு நல்ல, விவரமான பெத்தவரு தன் புள்ளைக்கு எத விரும்புவாரோ அதத்தான் சமூகம் தன் எல்லாக் குழந்தைக்கும் விரும்பணும்னு முதல் லெக்சர்ல டூயி சொல்றது கேக்க அருமையா இருக்கு, ஆனா அந்த நல்ல விவரமான பெத்தவர் யாருங்கறத யாரு முடிவு பண்றதுன்னு பிற்பாடு நிறைய பேர் கேட்டாங்க, நானும் கேப்பேன். ஆதி மனுஷன்லேந்து படிப்படியா நாகரிகம் வந்துச்சுங்கற வரிசைல பாடத்த அடுக்கினதும் இன்னிக்குப் படிக்கறப்ப உறுத்துது, அதுல சில மக்கள் கீழ்ப் படில நின்னுடறாங்க.

ஸ்கூலும் நிலைக்கல அவர் கைல. 1901ல கல்வி சீர்திருத்தவாதி கர்னல் ஃபிரான்சிஸ் பார்க்கரோட பள்ளி யுனிவர்சிட்டிக்குள்ள வந்துச்சு, அடுத்த வருஷம் பார்க்கர் செத்துட்டாரு, ரெண்டு பள்ளியையும் சேத்தாங்க, பிரின்சிபாலா டூயியோட மனைவி ஆலிஸ் இருந்தது பிரச்சனையாச்சு, ஹார்ப்பரோட மனஸ்தாபம், 1904ல டூயி ராஜினாமா பண்ணிட்டு அப்பறம் நியூயார்க் கொலம்பியாவுக்குப் போயிட்டாரு. அங்க 1913-16ல படிச்ச அம்பேத்கர் அவர் வகுப்புல உக்காந்தவரு. 1936ல எழுதின சாதி ஒழிப்பு உரைல என் ஆசிரியர், அவருக்கு நான் நிறைய கடன்பட்டிருக்கேன்னு சொல்லி டூயிய மேற்கோள் காட்டறாரு. அது ஜாத்-பாத் தோடக் மண்டல்ங்கற சாதி எதிர்ப்பு அமைப்புல பேச எழுதி, பேச விடாம போன உரை. ஆக அதுவும் ஒரு லெக்சர்தான், நடக்காத லெக்சர்.

இப்ப மத்தவங்க. ஜெர்மன் தத்துவவாதி கான்ட் கல்வி பத்தி லெக்சர் குடுத்தது பலருக்குத் தெரியாது. கோனிக்ஸ்பெர்க் யுனிவர்சிட்டில, இன்னிக்கு ரஷ்யாவோட கலினின்கிராட், தத்துவ புரொபசருங்க முறை வச்சு பெடகாஜி நடத்தணும்னு அரசு உத்தரவு. அவர் முறை வந்தப்ப 1776-77லேந்து 1786-87 வரைக்கும் நாலு தடவை நடத்தினாரு. டியூட்டி மாதிரிதான். குறிப்புங்கள 1803ல ரிங்க்னு மாணவர் ஒருத்தர் புத்தகமாக்கினாரு. அதுல ஆரம்பத்துலயே வரும், குழந்தைங்கள முதல்ல ஸ்கூலுக்கு அனுப்பறது ஏதாச்சும் கத்துக்கட்டும்னு இல்ல, அசையாம உக்காந்து சொன்னத அப்படியே செய்யப் பழகட்டும்னுதான். டூயியோட மேசைக்கடைக்கு இதவிட நல்ல சரக்கு கிடையாது! ஆனா அதோட கான்ட்ட மூடி வச்சுடாதீங்க, அதே புத்தகத்துலதான் கட்டாயப்படுத்திக்கிட்டே சுதந்திரத்த எப்படி வளக்கறதுன்னு ஒரு கேள்வி கேக்கறாரு, எனக்குத் தெரிஞ்சு டீச்சருக்கு இதவிட நேரான கேள்விய எந்தத் தத்துவவாதியும் கேட்டதில்ல, தினம் காலைல பிரேயர் பெல் அடிக்கறப்ப உங்களுக்கும் இதே கேள்விதான். இன்னொண்ணும் சொல்றாரு, மாதிரிப் பள்ளி வைக்கறதுக்கு முன்னாடி சோதனைப் பள்ளி வேணும், அறிவ வச்சு மட்டும் கல்விய முடிவு பண்ண முடியாது, பண்ணிப் பாத்துதான் தெரியும்னு. டெஸ்ஸாவ் ஊர்ல பாசெடோ 1774ல ஆரம்பிச்ச பள்ளிக்கு அவரே பேப்பர்ல எழுதி ஆதரவு திரட்டினாரு. அப்பறம் 1809ல கான்ட் இருந்த அதே புரொபசர் பதவிக்கு வந்த ஹெர்பார்ட்ங்கற தத்துவவாதி பாடத்தோட நிறுத்தாம ஒரு பயிற்சிப் பள்ளியும் சேத்து நடத்தினாரு. டூயி அந்த வரிசைல அடுத்த ஆளு, ஹெர்பார்ட்டோட கருத்துகளோட சண்டை போட்டாலும்.

பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்க்கைம் வேற ரகம். 1902ல பாரிஸ் சொர்போன்ல கல்வி அறிவியல் பதவிக்கு வந்தாரு, அந்த வருஷமே ஒழுக்கக் கல்வி பத்தி தொடர் லெக்சர். மதத்த வெளில வச்சுட்டு அரசுப் பள்ளில ஒழுக்கத்த எத வச்சு சொல்லித் தர்றதுங்கறது அப்ப பிரான்ஸ்ல தெருச் சண்டை மாதிரி, 1905ல சர்ச்சையும் அரசையும் பிரிச்சே விட்டாங்க. அவருக்குப் பக்கத்துல ஸ்கூல் இல்ல, ஆனா முன்னாடி உக்காந்தவங்க நாளைக்கு வாத்தியாராகப் போறவங்க, 1904-05ல ஆரம்பிச்ச பிரெஞ்சுக் கல்வி வரலாறு கோர்ஸ் மேல்நிலை ஆசிரியர் தேர்வு எழுதறவங்களுக்குக் கட்டாயம். உத்தரவு போட்டு இலட்சியத்த உண்டாக்க முடியாது, அத செய்யப் போறவங்க புரிஞ்சு விரும்பினாத்தான் நடக்கும்னு அவங்ககிட்டயே சொல்றாரு, சர்க்குலர்லயே குடும்பம் நடத்தற நம்ம ஆபீஸ்லாம் கேக்கணும். ஒழுக்கக் கல்வி லெக்சர்ல தண்டனை பத்தி வர்ற இடம் ஒரு டீச்சர் கண்டிப்பா படிக்க வேண்டியது. பழங்காலத்துலதான் புள்ளைங்கள அடிச்சாங்க, நாகரிகம் வர வர குறைஞ்சுதுன்னு நாம நினைக்கறோம், துர்க்கைம் இல்லங்கறாரு, எளிய சமூகங்கள்ல குழந்தைய அடிக்கறதே அபூர்வம், பிரம்பு வளந்தது ஸ்கூலோட சேந்துதான். ஏன்னா ஸ்கூல்ல ஒருத்தருக்கு எல்லாம் தெரியும், எதிர்ல இருக்கற கூட்டத்துக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒரு பெரிய ஏற்றத்தாழ்வு இருக்கு, தடுக்க வெளி ஆள் இல்ல, அந்த இடத்துல அதிகாரம் தலைக்கேறிடும், காலனிகளுக்குப் போன ஐரோப்பியன் அங்க இருக்கறவங்க கிட்ட நடந்துக்கற வெறியும் இதே வகைதான்னு ஒப்பிடறாரு. பாரிஸ்ல, அந்தக் காலத்துல, வாத்தியாராகப் போறவங்கள முன்னாடி வச்சுக்கிட்டு இத சொல்லணும்னா கொஞ்சம் தில்லு வேணும்.

அமெரிக்கத் தத்துவவாதி, சைக்காலஜிஸ்ட் வில்லியம் ஜேம்ஸ பத்தி ஒரு வார்த்தை. 1892ல ஹார்வர்ட் கேட்டதுக்காக கேம்பிரிட்ஜ் ஊர் டீச்சருங்களுக்கு சைக்காலஜி பேசினாரு, புத்தகமா வந்தது அதே 1899. பேசப் பேச டீச்சருங்க ஆராய்ச்சிப் பகுப்பாய்வ ரசிக்கலன்னு தெரிஞ்சு அத வெட்டி வெட்டி நடைமுறை விஷயத்த மட்டும் வச்சேன்னு முன்னுரைல எழுதறாரு. சைக்காலஜி அறிவியல், பாடம் நடத்தறது கலை, அறிவியல்லேந்து கலை நேரா பொறக்காதுன்னும் ஆரம்பத்துலயே சொல்லிடறாரு. சபைய பாத்து பேச்ச மாத்தின ஒரே காரணத்துக்கே எனக்கு ஜேம்ஸ் மேல மரியாதை.

பேச்சு ஊர் தாண்டினா என்ன ஆகும்ங்கறதுக்கு டூயியே உதாரணம். 1919 ஏப்ரல் கடைசில ஷாங்காய்ல இறங்கறாரு, சில நாள்லயே பெய்ஜிங்ல மே 4 மாணவர் போராட்டம் வெடிக்குது, ரெண்டு வருஷத்துக்கு மேல அங்கயே தங்கி ஊர் ஊரா பேசறாரு, கொலம்பியால அவர்கிட்ட படிச்ச ஹூ ஷி பெரும்பாலும் மொழிபெயர்க்கறாரு. பெய்ஜிங் பேச்சுத் தொடர்கள்ல ஒண்ணு கல்வித் தத்துவம். கூட்டம் அள்ளுச்சு. ஆனா எதிர்ல இருந்தவங்க கைல அப்ப ஸ்கூல் இல்ல, நாடு துண்டு துண்டா போர்த்தலைவர்கள் கைல கிடந்துச்சு. அதுல உருப்படியா ஒண்ண செஞ்சவரு அவரோட இன்னொரு மாணவர் தாவ் ஷிங்ஜி, 1927ல நான்ஜிங் பக்கத்து கிராமத்துல டீச்சர் பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாரு, டூயி ஸ்கூலே ஒரு சமூகம்னாரு, இவரு அத தலைகீழாக்கி சமூகமே ஸ்கூல்னாரு. சமூகத்த ஸ்கூலுக்குள்ள கொண்டு வர அவ்வளவு கட்டடம், காசு, டீச்சர் எங்க இருக்கு, விவசாயிக்கு இருக்கற இடத்துலயே கத்துக் குடுங்கறது அவர் கணக்கு. 1930ல அரசு அத மூடிடுச்சு. ஆனாலும் டூயிய அப்படியே ஒப்பிச்சவங்களவிட அவர மாத்திப் போட்ட இந்த ஆளுதான் அவர நல்லாப் புரிஞ்சுக்கிட்டவர்னு நான் சொல்லுவேன்.

உங்க ஊர் லெக்சருக்கு வருவோம். நோட்டீஸ்ல பாருங்க, பேசறவங்க எல்லாம் யுனிவர்சிட்டி ஆளுங்களா, கேக்கறவங்களும் அவங்களோட பிஎச்டி மாணவர்களா, அட்டென்டன்ஸ் சர்ட்டிபிகேட்டுக்காக கூட்டம் சேக்கறாங்களான்னு. அப்படின்னா ஒரு தடவை போயிட்டு வந்துடலாம், எல்லா லீவு நாளையும் அதுக்கு விட வேணாம். ஸ்கூல் டீச்சர் யாராச்சும் மேடைல இருந்தாலோ, கேள்வி நேரம் அரை மணிக்கு மேல விட்டிருந்தாலோ, பெத்தவங்கள கூப்பிட்டிருந்தாலோ தாராளமா போங்க. போறப்ப உங்க கிளாஸ்ல போன வாரம் நடந்த ஒரு சம்பவத்த கைல எடுத்துட்டுப் போங்க, ஒருத்தன் ஹோம்வொர்க் காப்பி அடிச்சான், ஒருத்தி பதில் தெரிஞ்சும் வாயத் திறக்கல, எதுவா இருந்தாலும் சரி, பேச்சு முடிஞ்சதும் நீங்க சொன்னத வச்சு இங்க நான் என்ன பண்ணணும்னு கேளுங்க. "சூழலைப் பொறுத்து"ன்னு ஆரம்பிச்சு வேற எங்கயோ போனா அடுத்த வாரம் வீட்டுலயே இருங்க. அந்தச் சம்பவத்துக்குள்ள வந்து உங்களையே ரெண்டு கேள்வி திருப்பிக் கேட்டாருன்னா அந்த ஆளோட சொற்பொழிவுத் தொடர மிஸ் பண்ணாதீங்க.

படிக்கறதுன்னா டூயியோட அந்த மூணு லெக்சர்லேந்து தொடங்குங்க, காப்பிரைட் எப்பவோ முடிஞ்சது, இங்கிலீஷ்ல ஃப்ரீயாவே கிடைக்குது, நான் ரெண்டாவத முதல்ல படிக்க சொல்லுவேன், அப்பறம் மூணாவது, கடைசில முதலாவது, ஏன்னா முதல்ல இருக்கற தொழிற்புரட்சி விளக்கம் கொஞ்சம் இழுக்கும். துர்க்கைம்ல தண்டனை வர்ற லெக்சருங்கள மட்டும் எடுத்துக்கோங்க, மொத்தமும் படிக்க உக்காந்தா பாதில நின்னுடும். ஜேம்ஸ்ல பழக்கம் பத்தின அத்தியாயம் பஸ்ல போறப்பவே முடிச்சுடலாம். கான்ட் சின்ன புத்தகம்தான், ஆனா பால் குடுக்கறது, தொட்டில் ஆட்டறது பத்தியெல்லாம் கல்யாணமே ஆகாத மனுஷன் பக்கம் பக்கமா அட்வைஸ் பண்ணுவாரு, அத தள்ளிட்டு முன்னுரையும் ஒழுக்கம் பத்தின பகுதியும் பாருங்க போதும்.